ஒன்பதாவது இணைப்பு

'பீப்' என்று கணினி கத்தியதில் அவன் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் சரிந்தது. எல்லோரும் சாப்பிடப் போய்விட்ட மதிய நேரம். சர்வர் அறையில் மின்விசிறிகளின் இரைச்சல், சூடேறிய தூசியின் வாசனை, கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். புதிதாக வந்திருந்த மெயில் வரியில் அக்காவின் பெயர் இருந்தது.

அக்கா இறந்து பத்து நாள். அவளுடைய கைபேசி அவன் மேஜை இழுப்பறையில் அணைந்து கிடக்கிறது.

அலுவலகத்தின் பழைய மெயில் நிரல் எழுத்தை மட்டுமே காட்டும். மெயிலோடு வரும் இணைப்பு எதுவானாலும் 'எஸ்' விசையைத் தட்டி, பெயர் கொடுத்துச் சேமித்து, பிறகு தனியாகத் திறக்க வேண்டும். "டைப்ரைட்டருக்குக் கரண்ட் குடுத்த மாதிரி இருக்குடா உன் ஆபீஸ்" என்று அக்கா கிண்டலடிப்பாள். ஆனாலும் கடைசி எட்டு நாளும் தினம் ஓர் ஒலிப்பதிவை அங்கேதான் அனுப்பினாள். 'பின்கதவுல ஏதோ சுரண்டுது. எனக்கு மட்டும்தான் கேக்குதான்னு சொல்லு.'

அவன் ஒன்றைக்கூடச் சேமிக்கவில்லை. சோம்பல். வேறு காரணமே இல்லை. போனில் அவள் கேட்டபோது நாக்கூசாமல் சொன்னான்.

"கேட்டேன்க்கா. ஒண்ணும் இல்ல. எலிதான்."

"நீயே கேட்டுட்டுச் சொன்னா சரிடா. கதவைப் பார்த்துப் பயப்படுறேன் பாரு, எனக்குத்தான் கிறுக்கு."

பின்கதவு உள்ளிருந்து திறக்கப்பட்டிருந்தது, அதன் எதிரில் உட்கார்ந்தபடியே இறந்திருந்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். "தம்பி சொல்லிட்டான், எலிதானாம்னு நிம்மதியா இருந்தாங்க." அன்று முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

இப்போது முதல் இணைப்பிலிருந்து ஒவ்வொன்றாகச் சேமித்தான். ஹெட்போனை மாட்டினான்.

முதலாவதில் மரத்தை நகம் உரசும் ஓசை, மெதுவாக, விட்டுவிட்டு. எந்த எலியும் அப்படிச் சுரண்டாது. மூன்றாவதில் அதனோடு மூச்சு. ஐந்தாவதில் முனகல், பேசப் பழகும் குழந்தையைப் போல. எட்டாவதில் சுரண்டல் நின்றது. கதவுக்கு அப்பாலிருந்து அவனுடைய சொந்தக் குரல்.

"கேட்டேன்க்கா. ஒண்ணும் இல்ல. எலிதான்."

"தம்பியா? சொல்லாம கொள்ளாம எப்படா வந்தே? இரு, திறக்கிறேன்."

தாழ்ப்பாள் விலகியது. அதற்குப் பிறகும் பதிவு நெடுநேரம் ஓடியது. அதை நிறுத்தி அனுப்பியது யார்?

விரல் தானாக, இன்று வந்த ஒன்பதாவதற்குப் போனது. எஸ். பெயர். எண்டர்.

மின்விசிறி இரைச்சல். விசைகள் தட்டும் ஓசை. ஓர் இருமல். அவனுடைய இருமல். இந்த அறை.

பிறகு சுரண்டல்.

ஹெட்போனைக் கழற்றினான். சுரண்டல் நிற்கவில்லை. முதுகுக்குப் பின்னால், பழைய ஃபைல் அறையின் கதவு. வருடக்கணக்காகத் திறக்காத கதவு.

எழுந்தான். ஓடிவிடலாம். வழி இருந்தது. ஆனால் பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. ஒருமுறையாவது அவள் சொன்னதைக் கேட்க வேண்டும். தாழ்ப்பாளில் கை வைத்தான். சில்லென்றிருந்தது.

கதவுக்கு அப்பால், அக்காவின் குரல், ஒவ்வொரு சொல்லாக, பழகிப் பார்ப்பதுபோல:

"கேட்டேன்டா தம்பி. ஒண்ணும் இல்ல. எலிதான்."