கருவாட்டுப் பானைப் பணம்

சுபஸ்ரீக்கு ஒரு கெட்ட பழக்கம் இருப்பதாக அவள் அம்மா தேவகி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். சுவரில் எழுத்தைக் கண்டால் போதும், அந்தப் பெண் அங்கேயே நின்றுவிடுவாள். பல்பொடி விளம்பரம், காதுகுத்து விழா பேனர், 'இங்கே குப்பை கொட்டாதீர்' என எதையும் விடமாட்டாள். கடைசி வரி வரைக்கும் படித்த பிறகுதான் கால் நகரும்.

"வாடீ! பஸ்ஸு போய்டப் போவுது" என்று தேவகி கத்துவாள்.

கத்துவதற்குக் காரணம் இருந்தது. தேவகி லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் விடிகாலை ஏலத்தில் மீன் எடுத்து, பொன்னேரி சந்தையில் விற்பவள். மீன் கூடையோடு பஸ் ஏறுவது லேசான காரியம் இல்லை. "அடுத்த வண்டியில வாம்மா, வாடை தாங்கல" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர்கள் விசில் அடித்துவிடுவார்கள். ஒருநாள் மூன்று பஸ் அப்படியே போய்விட்டது. சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் மீனின் கண் வெளுத்துவிட்டது. அன்றைக்குப் பாதி விலைக்குத்தான் விற்க முடிந்தது. திரும்பி வரும்போது தேவகி கையிலிருந்த சில்லறையைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே வந்தாள். சுபஸ்ரீக்கு அழுகையாக வந்தது.

அதனால்தான் தேவகிக்கு ஒரு மொபெட் வேண்டும். பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு யாரையும் கெஞ்சாமல் சர்ரென்று சந்தைக்குப் போகிற மாதிரி ஒரு மொபெட்.

மூன்று வருஷமாக அதற்குப் பணம் சேர்த்து வந்தாள். சேர்த்த இடம் கருவாட்டுப் பானை. மேலே வாளைக் கருவாடு, கீழே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் பணம். எந்தத் திருடன் அந்தப் பானைக்குள் கைவிடுவான்? தன் புத்திசாலித்தனத்தில் தேவகிக்கு ரொம்பப் பெருமை.

ஒரு சனிக்கிழமை சந்தை முடிந்து வரும்போது, சுபஸ்ரீ வழக்கம்போல் மொபெட் கடை வாசலில் நின்றுவிட்டாள். கண்ணாடியில் விலை ஒட்டியிருந்தது. நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

"நாப்பத்தெட்டாயிரம்மா."

"இன்னாது? நான் சேக்க ஆரம்பிச்சப்ப நாப்பதுதானே?"

"ஆமா. ஒவ்வொரு பொங்கலுக்கும் எழுதி வச்சிக்கீறேன். ஏறிக்கினேதான் கீது."

வீட்டுக்கு வந்ததும் தேவகி பானையை இறக்கி எண்ணினாள். இருபத்தேழாயிரம் இருந்தது. வருஷத்துக்கு ஒன்பதாயிரம் என்று வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம்.

சுபஸ்ரீ தரையில் கவிழ்ந்து படுத்து, பென்சிலைக் கடித்துக் கடித்துக் கணக்குப் போட்டாள். வண்டி விலை இதே மாதிரி ஏறினால் இன்னும் மூன்று வருஷத்தில் ஐம்பத்தேழாயிரத்துச் சொச்சம் ஆகிவிடும். பானையில் அப்போது ஐம்பத்து நாலாயிரம்தான் இருக்கும்.

"அம்மா, மூணு வருசம் ஆனாலும் எட்டாது. வண்டி வில ஓடுது. நம்ம பணம் பானையில தூங்குது."

"தூங்கினா தூங்கட்டும். ஓடிப்போவாம இருக்குது இல்ல? உங்க இருசம்மா அத்த பணம் ஓடிப்போச்சே, தெரியாதா?"

தெரியும். எதிர்வீட்டு இருசம்மாள் ஒரே வருஷத்தில் பணம் இரண்டு மடங்காகும் என்று எவனோ சொன்னதை நம்பி, காதுக் கம்மலை விற்றுக் கொடுத்தாள். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், அந்த ஆபீஸில் பெயர்ப்பலகை மட்டும்தான் இருந்தது. அன்றிலிருந்து 'ஆபீஸ்' என்ற சொல்லைக் கேட்டாலே குப்பத்துப் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள்.

ஆனால் சுபஸ்ரீ சுவரெல்லாம் படித்தவள் ஆயிற்றே! பொன்னேரியில் அவர்கள் பஸ்ஸுக்கு நிற்பது தபால் ஆபீஸ் சுவர் நிழலில். அந்தச் சுவரில் ஒட்டியிருந்த சேமிப்புத் திட்ட அறிவிப்பு அவளுக்கு மனப்பாடமே ஆகியிருந்தது. புரிந்ததா என்றால், பாதிதான்.

அடுத்த சனிக்கிழமை அம்மா சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது அவள் நேராகத் தபால் ஆபீஸுக்குள் போய்விட்டாள். கவுன்ட்டரில் வெண்ணிலா என்று பெயர் எழுதிய அட்டைக்குப் பின்னால் ஓர் அக்கா இருந்தார். சுபஸ்ரீயின் தலை கவுன்ட்டருக்கு மேல் பாதிதான் தெரிந்தது.

"அக்கா, உங்ககிட்ட பணம் போட்டா, வருசத்துல ரெண்டு மடங்கு ஆவுமா?"

"ஆகாதும்மா. மூணு வருஷ டெபாசிட்ல போட்டா, நூறு ரூபாய்க்கு வருஷத்துக்கு ஏழு ரூபாய்க்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொன்னது சுபஸ்ரீக்குப் பிடித்துப்போயிற்று. அளக்காமல் பேசுகிறாரே!

"சரிக்கா. பணத்த வாங்கிக்கினு நீங்க ஓடிப்போய்ட்டா?"

பக்கத்து கவுன்ட்டரில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். வெண்ணிலா சிரித்துவிட்டார்.

"நான் ஓடினாலும் உன் பணம் ஓடாது. இங்க போடற பணம் என் வீட்டுக்கா போகுது? அரசாங்கத்துக்குப் போகுது. அரசாங்கம் அதைக் கடனா வாங்கிக்குது. திருப்பிக் கொடுக்க அதுதான் பொறுப்பு. பாஸ்புக்ல எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துடுவோம்."

"கடனாவா? அப்ப எங்கம்மா அரசாங்கத்துக்கே கடன் குடுக்கலாமா?"

"தாராளமா. ஆதார் அட்டை, ரெண்டு போட்டோ, பணம். அம்மாவைக் கூட்டிட்டு வா."

சுபஸ்ரீ சந்தைக்கு ஓடினாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். தேவகி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"நானு? அரசாங்கத்துக்கு? கடனு?"

"ஆமாம்மா. வட்டியும் அவங்க உனக்குத் தரணும்."

தேவகி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன்னைப் பஸ்ஸில் ஏற்றாதவர்களை எல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்த்தாள் போலிருக்கிறது. ஆனாலும் பயம் விடவில்லை.

"நூத்துக்கு ஏழுன்றியே, அது போதுமா?"

சுபஸ்ரீ நோட்டை விரித்தாள். "வண்டி வில வருசத்துக்கு நூத்துக்கு ஆறு மாதிரி ஏறுது. நம்ம பணம் ஏழு ஏறினா, அதும் கூடவே ஓடும். இப்ப கீற பணத்த மூணு வருசத்துக்குப் போடு. வருசா வருசம் ஒம்பதாயிரம் சேக்கறதையும் விடாத. மூணாவது வருசம் அறுபதாயிரத்துக்குப் பக்கத்துல வந்துடும். வண்டி ஐம்பத்தேழுதான். எட்டிடும்மா!"

தேவகி அந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எண்கள் தெரியும். அறுபது பெரியதா, ஐம்பத்தேழு பெரியதா என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சரி, திங்கக்கெழம போலாம்" என்றாள். பிறகு முகம் வாடிவிட்டது. "ஆனா சுபா, அந்த நோட்ட எடுத்துக்கினு எப்படிடீ ஆபீஸுக்குள்ள போறது? பஸ்ஸுலயே மூக்கைப் பொத்துறாங்க."

அன்று சாயங்காலம் பானையைத் திறந்தபோதுதான் விஷயத்தின் கனம் தெரிந்தது. போன வாரம் எண்ணிவிட்டு அவசரமாகத் திரும்பத் திணித்ததில் பிளாஸ்டிக் பையில் ஓட்டை விழுந்திருந்தது. நோட்டெல்லாம் உப்பில் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வாடை பின்னியெடுத்தது. சுபஸ்ரீயே இரண்டடி பின்னால் போனாள்.

"கழுவிடலாமா?" என்றாள் தேவகி.

"ஐயோ, நாஸ்தியாயிடும்! வெயில்ல காயவைக்கலாம்."

காயவைப்பது என்றால் அந்தக் குப்பத்தில் ஒரே ஒரு முறைதான் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை தேவகியும் சுபஸ்ரீயும் மணலில் தார்ப்பாயை விரித்தார்கள். நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நெத்திலி பரப்புவதுபோல வரிசையாகப் பரப்பினார்கள். காக்காய் கொத்தாமலும் காற்றில் பறக்காமலும் இருக்க, மேலே ஒரு வலையை இழுத்துப் போர்த்தி, ஓரமெல்லாம் கல் வைத்தார்கள். அரை மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது.

கடலிலிருந்து திரும்பிய சுபஸ்ரீயின் அப்பா லோகநாதன், கரையில் விட்டுப்போன இன்னொரு வலையைத் தேடிக்கொண்டு வந்தார். தார்ப்பாயைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இருவது வருசமா வல போடுறேன். இந்த மீனு ஒருநாளும் மாட்டலையே!"

"நைனா, சிரிக்காத! காக்காவ வெரட்டு!"

குப்பத்தில் இப்படி ஒரு காட்சியை விட்டுவைப்பார்களா? அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. ஆளுக்கொரு கேலி. "கிலோ இன்னா வெல தேவகி?" என்று ஒருத்தி கேட்டாள். "உப்பு பத்தலையே" என்றாள் இன்னொருத்தி. தேவகிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பொழுது சாயும்போது எண்ணிப் பார்த்தார்கள். ஐந்நூறு ரூபாய் குறைந்தது.

சிரிப்பு நின்றுபோயிற்று. மறுபடியும் எண்ணினார்கள். அப்போதும் ஐந்நூறு குறைந்தது. தேவகியின் முகம் கறுத்தது. லோகநாதன் வலையை உதறினார். கூட்டமே மணலைக் கிளறித் தேடியது.

சுபஸ்ரீ மட்டும் தேடாமல் யோசித்தாள். கருவாட்டு வாடை அடிக்கும் ஒரு பொருள் காணாமல் போனால், அதை யார் எடுத்திருப்பார்கள்? அவள் கவிழ்த்து வைத்திருந்த படகுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அங்கே ஒரு வெள்ளைப் பூனை, ஐந்நூறு ரூபாய் நோட்டை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தது.

"பேங்கு மேனேஜரு இங்க கீறாரு!" என்று அவள் கூவினாள். கரையே குலுங்கிச் சிரித்தது.

இருசம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஒதுங்கி நின்று, தேவகி நோட்டுகளை அடுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுபஸ்ரீ அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அத்த, நீயும் வாயேன்."

"எங்கிட்ட இன்னா கீது கண்ணு? போனது போச்சு. மாசம் நூறு ரூபா மிச்சம் பண்ணா பெரிசு."

"நூறு ரூபா போதும் அத்த. மாசா மாசம் நூறு கட்டற கணக்கு கீதுன்னு சுவத்துலயே எழுதிக்கீறாங்க."

"மறுபடியும் ஏமாந்துட்டன்னா?"

"போ, போய் நீயே கேளு. நீங்க ஓடிப்போவீங்களான்னு அந்த அக்காகிட்ட கேளு. நானும் கேட்டேன். கோச்சிக்கவே இல்ல."

இருசம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பொழுது விடிஞ்சதும் கதவத் தட்டு" என்றாள்.

திங்கட்கிழமை சுபஸ்ரீ பள்ளிக்கு அரைநாள் விடுப்புச் சொன்னாள். மூன்று பேரும் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு தபால் ஆபீஸுக்குப் போனார்கள். இருசம்மாள் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டாள். வெண்ணிலாவும் முன்பு சொன்ன அதே பதிலை, அதே சிரிப்போடு சொன்னார். பக்கத்து கவுன்ட்டர்க்காரர், "ஊரே சேர்ந்து உங்களை ஓட விடமாட்டேங்குதே மேடம்" என்றார்.

தேவகி பணக்கட்டை நீட்டினாள். வெண்ணிலா எண்ணத் தொடங்கினார். பத்தாவது நோட்டில் கை நின்றது. மூக்கு லேசாக ஆடியது. தேவகி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நெத்திலியா?" என்று வெண்ணிலா கேட்டார்.

"இல்லம்மா" என்றாள் தேவகி மெதுவாக. "வாளை."

"அடடா! எனக்கு வாளைக் கருவாடுன்னா உயிர். அடுத்த வாரம் அரைக் கிலோ எடுத்துட்டு வாங்க. பணம் கொடுத்துடறேன்."

தேவகி தலையை நிமிர்த்தினாள். "நல்ல காஞ்சதா பாத்துக் கொண்டாறேன்" என்றாள். குரல் கணீரென்று வந்தது.

பாஸ்புக் வந்தது. சுபஸ்ரீ பெயரைப் படித்துக் காட்டினாள். தொகையைப் படித்தாள். மூன்று வருஷம் கழித்துப் பணம் திரும்பி வரப்போகும் தேதியையும் படித்தாள். இருசம்மாள் தன்னுடைய பாஸ்புக்கில் இருந்த நூறை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

திரும்பும்போது மொபெட் கடை வந்தது. சுபஸ்ரீ வழக்கம்போல் கண்ணாடி முன்னால் நின்றாள். தேவகி நிற்கவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய்விட்டாள்!

"அந்த நீலக் கலரு வண்டில கொஞ்சம் உக்காந்து பாக்கட்டா தம்பி?"

கடைக்காரப் பையன் தலையாட்டினான். தேவகி புடவையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பின்னால் சுபஸ்ரீ தொற்றிக்கொண்டாள். இருசம்மாள் வாசலில் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"எப்பம்மா எடுக்கறீங்க?" என்று கேட்டான் பையன்.

"மூணு வருசத்துல."

"மூணு வருஷமா!"

"பின்ன? அதுக்குள்ள நான் ஓட்டக் கத்துக்க வாணாமா?" என்றாள் தேவகி. சொல்லிவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஹாரனை அழுத்தினாள்.