மணி அடித்தால் மவுத்து!

டிரிங்... டிரிங்... டிரிங்...!

பகல் சோற்றுக்குப் பிறகு கண்ணயர்ந்திருந்த ஸஹாப்தீன் திடுக்கிட்டு ரிசீவரை எடுத்தான்.

"ஹலோ?"

மறுமுனையில் எஞ்சினியர் இரத்தினசிங்கத்தின் குரல் நடுங்கியது.

"நீர்... இன்னும் சாகேல்லையா?!"

1979. சீனக்குடா. வெள்ளைக்காரன் யுத்தத்துக்கு வெட்டிய பாதாள அறை. மாரியில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜன் வாயுவைப் பாறைக்கடியில் தாங்கியில் அடைத்து வைப்பார்கள். கோடையில் அதை எரித்துத் திரும்ப மின்சாரம் எடுப்பார்கள். தாங்கியில் வாயு எவ்வளவு என்று காட்டும் முள்ளைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவதுதான் ஸஹாப்தீனின் வேலை. கோழி மேய்த்தாலும் கவுண்மேந்தில் மேய்க்க வேண்டுமல்லவா!

ஸஹாப்தீன் எட்டிக் கதவை இழுத்துப் பார்த்தான். "சேர், ஆரோ கதவை வெளியால பூட்டிட்டாங்க!"

"நான்தான் பூட்டினனான். நான் செப்புக் குழாயைக் களவா வள்ளத்தில ஏத்தினதை நாளைக்கு விசாரணையில சொல்லப்போறீராமே?"

"ஓம் சேர்... கண்டதைத்தானே சொல்லலாம்?"

"இனிச் சொல்ல ஏலாது! தாங்கி வால்வைத் திறந்துவிட்டனான். அறை முழுக்க வாயு. மணமுமில்லை, நிறமுமில்லை. ரெலிபோன் மணியில ஒரு பொறி போதும். முதல் தரம் தப்பிட்டீர். இந்தா, திரும்ப அடிக்கிறன்!"

டக்!

ரிசீவரைக் கையிலேயே வைத்திருந்தால் மணி அடிக்காது. ஆனால் பழக்கதோஷம்... பாவி மனுசன் அதை இடத்தில் வைத்துத் தொலைத்தான்!

டிரிங்...!

"என்ட அல்லாஹ்வே!"

மவுத்து நேரத்தில் ஓத வேண்டிய கலிமாவைச் சொல்லிக் கண்ணை மூடினான். வீட்டில் மனைவி ரபீக்காவுக்கு ஏழாம் மாதம். பிள்ளை முகத்தைப் பார்க்காமலே போகிறேனே என்று அழுகை வந்தது.

டிரிங்... டிரிங்...

ஒன்றும் வெடிக்கவில்லை!

ஒற்றைக் கண்ணைத் திறந்து முள்ளைப் பார்த்தான்.

பூச்சியம்!

அதைக் கடைசியாகப் பார்த்தது ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி. பாறையில் விழுந்த ஓட்டை வழியே வாயு எப்போதோ ஓடிவிட்டது. புத்தகத்தில் மட்டும் தினமும் 'தாங்கி நிறைவு'!

மணி ஓய்ந்ததும் பொலிசுக்கு அடித்தான்.

அரை மணியில் கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் இராசதுரை. பின்னால் விலங்கோடு எஞ்சினியர். சாவி அவர் காற்சட்டைப் பையில் இருந்ததாம்.

"இவன்தான் பெரிய கள்ளன், இன்ஸ்பெக்டர்! பாக்காமலே எழுதியிருக்கிறான்!" பூச்சியத்தைக் கண்டதும் எஞ்சினியர் கத்தினார்.

இராசதுரை புத்தகத்தைப் புரட்டினார். நாளைக்கும், வருகிற வெள்ளி வரைக்கும் 'தாங்கி நிறைவு'. ஒவ்வொன்றின் கீழும் எஞ்சினியரின் கையெழுத்து!

"நீங்களும் பாக்காமத்தான் சைன் வைச்சிருக்கிறீங்கள்!" இராசதுரை ஸஹாப்தீன் பக்கம் திரும்பினார். "உமக்கும் வேலை போகும், காணும். ஒழுங்கா உண்மையை எழுதியிருந்தா என்ன?"

"உண்மைய எழுதியிருந்தா ஓட்டைய அடைச்சிருப்பாங்க, சேர்... நீங்க இப்ப என்ட சிதறின மையத்தைச் சாக்கிலதான் அள்ளியிருப்பீங்க!"