உள்ளிருந்து ஒரு 'வாங்க'

மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் யாரோ வத்தக்குழம்பு கொதிக்க வைத்திருந்தார்கள்.

திறந்த கதவிலிருந்து முழ நீளச் சாவியை உருவ மறந்து, தரகர் கோட்டைச்சாமி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார். குழம்பு வாசத்தின் பின்னாலேயே கழுவிவிட்ட தரையின் வாசம். அதற்கும் பின்னால், இப்போதுதான் அணைந்த சாம்பிராணியின் வாசம். பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. அந்த நெருப்பில் இன்னொரு குழம்பே வைத்திருக்கலாம்.

'இதுதானாடா பெத்தா உன் வித்தை!'

அறுபத்தெட்டாம் வருஷத்து ஆவணி அது. ஆடி போனதும் காரைக்குடிப் பக்கம் வீட்டு வியாபாரம் சூடு பிடிக்கும். அடைமழைக்கு முன் விற்றுவிட வேண்டும். மழை வந்தால் ஒழுகல் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும். கோட்டைச்சாமி காட்டுகிற வீடுகளில் முதலில் வரவேற்பது வௌவால். ஒரு அம்மாளின் கொண்டையில் குடியேறிய வௌவால் திருச்சி வரை பஸ்ஸில் போய் இறங்கியது என்று ஊரே சொல்லும். நேற்று முளைத்த தரகன் பெத்தனோ, ஆவணி பிறந்த பத்து நாளில் மூன்று வீட்டை முடித்துவிட்டான். இப்போது நாச்சியாபுரத்து இந்தப் பெரிய வீடும் அவன் கையில். வாசலில் நின்று பார்த்தவர்களே வாயூறிப் போகிறார்களாம்.

இதற்கு முன் இந்த வீட்டை விற்க எடுத்த மூன்று தரகர்களும் சொல்லாமல் கொள்ளாமல் மலாயாவுக்குக் கப்பலேறிவிட்டதாகப் பேச்சு.

போன வாரம் டீக்கடையில் கோட்டைச்சாமி பெத்தன் வாயைப் பிடுங்கிப் பார்த்திருந்தார்.

"என்னப்பா பெத்தா, பூட்டின வீட்டுல சமையக்காரி வச்சிருக்கியாமே?"

"நான் எதுக்குண்ணே வைக்கிறேன்? அங்க இருக்கவுக வைக்கிறாக."

"யாருடா இருக்காக?"

"எனக்குத் தெரியாது. நான் அந்த வாசப்படி தாண்டுறதில்ல. வாரவுகளை 'வாங்க'ன்னு கூப்பிட்டுக் கேக்குறதுமில்ல. அதை வீட்டாளுல்ல கேக்கணும்? நீங்களும் அங்குட்டுப் போயிராதீகண்ணே."

வித்தையை மறைக்கிறான் என்று கோட்டைச்சாமி முடிவு கட்டினார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை, இறங்கினாலும் ஒட்டவில்லை.

இன்று பெத்தன் சாக்கோட்டைக்குப் போயிருந்தான். பெட்டிக்கடை ஆணியில் தொங்கிய சாவியை, "பெத்தன்தான் வாங்கியாரச் சொன்னான்" என்று எடுத்தாயிற்று. உச்சிவேளையில் வீடு பார்க்க வரும் ரைஸ் மில் மெய்யநாதனையும் அவர் மனைவி உமையாளையும் தானே முந்திக்கொண்டு வரவேற்று, தானே முடித்து, பெத்தன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அது போதும்.

பன்னீர்ப் புகையிலையை வாயில் அதக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம். தேக்குத் தூண்களை யாரோ எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள். பூக்கல் தரையில் ஈரக் காலடிகள். உள்கட்டில் அம்மி அரைபடும் சத்தம். அதோடு சேர்ந்து கலகலவென்று வளையல் குலுங்கல். கூலிக்கு ஆள் பிடித்து விட்டிருக்கிறான், சந்தேகமே இல்லை.

"யாரு அங்குட்டு?"

அம்மி நின்றது.

ஓரடி வைத்தார். அரைபட்டது. நின்றார். நின்றது.

காலடிகளைக் குனிந்து பார்த்தார். பெரிய பாதங்கள். ஆண்களுடையவை. எல்லாம் உள்ளே போயிருந்தன. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

வெளியே பிளசர் கார் வந்து நின்றது. போன உயிர் திரும்பிற்று, கூடவே பொறாமையும். நடு வளவில் வீட்டுக்காரர் போல நெஞ்சை நிமிர்த்தி நின்றார். மெய்யநாதன் படியேறுவது தெரிந்ததும், ஊருக்கே கேட்கும் குரலில் சொன்னார்:

"வாங்க! வாங்க!"

வீடு ஒரு மூச்சு விட்டது.

மெய்யநாதன் உள்ளே வந்தார். நேராக வந்தார். கோட்டைச்சாமி விலகவில்லை. மெய்யநாதன் அவர் ஊடாகவே கடந்து போனார்.

"யாரையும் காணோமே உமையா?"

"ஆளில்லாத வீடு மாதிரியே இல்லைங்க. இப்பத்தான் யாரோ பன்னீர்ப் புகையிலை போட்ட வாசம்."

கோட்டைச்சாமி கத்தினார். வாய் திறந்தது. சத்தம் இல்லை.

எவ்வளவு நேரமோ. வாசலில் பெத்தன், பஸ்ஸிலிருந்து ஓடி வந்த மூச்சோடு. படிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டான். பூட்டில் தொங்கிய சாவியைப் பார்த்தான். மோந்து பார்த்தான். பன்னீர்ப் புகையிலை.

"சொன்னேனேண்ணே" என்றான், யாரையும் பார்க்காமல்.

"என்ன தரகரே?" என்றார் மெய்யநாதன்.

"ஒண்ணுமில்லைங்க. வீடு பிடிச்சிருக்கா?"

"பிடிச்சுப் போச்சு."

அவர்கள் வெளியேறினார்கள். கோட்டைச்சாமியும் ஓடினார். ஓடியதாக நினைத்தார். கால் உள்கட்டுப் பக்கமே நடந்தது. ஈரமாக.

வெளியே கதவு சாத்தப்பட்டது. சாவி திரும்பியது. ஒரு சுற்று. இரண்டு.

உள்கட்டில் இலை போட்டிருந்தார்கள். முதல் மூன்று இலைகளில் மூன்று ஆண்கள், சுவரைப் பார்த்துச் சம்மணமிட்டு. வளையல் இல்லை யாரிடமும். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு சாவிக்கொத்து.

நான்காவது இலையில் சோறு ஆவி பறந்தது.

மூன்று கொத்துகளும் மெல்லக் குலுங்கின. மூவரும் திரும்பினார்கள்.

"வாங்க."