வென்டெல் வீட்டு ஈஸ்ட் ஜாடி

சனிக்கிழமை காலை 10.40. வென்டெல் போட்ட சத்தத்தில் மில்வாக்கியின் அந்தத் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். பதினோரு வருடங்களாக அவர் பொத்திப் பொத்தி வளர்த்த ஈஸ்ட், ஜாடியோடு பாத்திரத் தொட்டியில் கவிழ்ந்து கிடந்தது. மாநிலப் போட்டிக்கான பியரை இனி எதை வைத்துப் புளிக்கவைப்பது?

"அடுக்களைக்குள்ள போனவன் நீ ஒருத்தன்தான்! நாசகாரப் பயலே, நம்ம பியர் சங்கத்துல இனி உனக்கு இடமில்ல!"

"ஐஸ் எடுக்கத்தாங்க போனேன்." என்றான் சங்கத்தில் சேர்ந்து மூன்றே மாதமான லமார். புறக்கடையில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்த பத்துப் பேரும் அவனையே முறைத்தார்கள்.

கிரெட்டா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இருபது வருடம் போலீஸில் இருந்தவள்.

"லமார், எப்போ உள்ள போனே?"

"பத்தரைக்கு. கராஜ்ல என் தானியத்தை அலசி முடிச்சு, பத்தேகால்லயிருந்து இங்கதான் சாப்பிட்டுட்டு இருந்தேன்."

"கர்ட், நீ?"

மூன்று முறை கோப்பை வென்ற கர்ட் சிரித்தான். "பத்து பத்துலயிருந்து பத்து முப்பத்தஞ்சு வரைக்கும் கராஜ விட்டு நகரல. தானியக் கூடையைத் தூக்கி வச்சு, பத்து லிட்டர் வெந்நீரைக் குவளை குவளையா ஊத்தி, தானியத்தோட இனிப்பு கீழ இறங்க அலசினேன். பதினேழு லிட்டர் சாறு இருபத்தேழு ஆயிருக்கும், வேணும்னா அளவைப் பாரு."

10.52. அடுக்களைக்குள் திறக்கும் கதவுள்ள கராஜில் இரண்டு மின்கொப்பரைகள். ஒவ்வொன்றின் மேலும் தானியக் கூடை, அதன் நடுவே மேலிருந்து அடிவரை இறங்கும் குழாய். கர்ட் சொன்னபடியே அவன் கொப்பரையில் சாறு இருபத்தேழு லிட்டர் இருந்தது. கிரெட்டா லமாரின் கூடையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மென்றாள். சப்பென்று இருந்தது. கர்ட்டின் கூடையிலும் எடுத்தாள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

"எல்லாரும் உள்ள வாங்க!"

கூட்டம் வாசலை அடைத்தது.

"கர்ட், உன் தானியம் இன்னும் பாகாட்டம் இனிக்குது. பத்து லிட்டர் மெதுவா இறங்கியிருந்தா இந்த இனிப்பு கீழே போயிருக்கும். உன் தண்ணி தானியத்தைத் தொடவே இல்ல. நடுக்குழாய்ல மொத்தமா கொட்டிட்டே. ரெண்டு நிமிஷ வேலை. மிச்ச நேரம் எங்கே இருந்தே?"

"அவசரத்துல..."

"குவளை குவளையாங்கிறது நீ சொன்னது."

கர்ட்டின் முகம் சுருங்கியது. "போன வருஷமே வென்டெல் பியர் என்னோடதைத் தாண்டிருச்சு. நடுவருங்களுக்கு ருசியே தெரியல. இந்த வருஷமும் தோக்கணுமா?" என்றான். கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். யாரும் தடுக்கவில்லை.

வென்டெலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. லமாரிடம் போய், தோளில் கை வைத்து, காதோரம் முணுமுணுத்தார். "மன்னிச்சிருப்பா."

லமார் கையை விலக்கினான்.

"நாசகாரன்னு ஊருக்கே கேக்கற மாதிரி கத்துனீங்க. இதையும் அதே சத்தத்துல சொல்லுங்க."

வென்டெல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "லமார் மேல தப்பே இல்ல, என்னை மன்னிச்சிருப்பா!"