எண்ணூறு மீட்டர் பொய்

செல்போன் அலறியது.

"அன்புசெல்வி, உன்ற வயரு ஒரு ஆளைக் கொன்னு போட்டுது."

பேசியவர் நல்லூர்ச் சாயப்பட்டறையின் மேனேஜர் செல்வக்குமார். அடித்துப் பிடித்து ஓடினாள்.

கழிவுநீர்த் தொட்டியோரம் மாதவன்... வெள்ளைத் துணிக்குள்! காலையில் சுத்தம் செய்ய இறங்கியவன். விஷவாயு.

தொட்டியில் வாயுவை அளக்க ஒரு சென்சார் உண்டு. அளந்த எண்ணை எண்ணூறு மீட்டர் தள்ளியிருந்த ஆபீஸ் ஸ்கிரீனுக்குக் கொண்டுபோகும் சீரியல் லைன் வயர், எலக்ட்ரீஷியன் அன்புசெல்வி இழுத்தது. 'ஸ்கிரீன் ஜீரோ காட்டுச்சு, இறக்கினோம்' என்று கைகழுவிவிட்டார் மேனேஜர்.

வயர் பொய் சொன்னதென்றால் அவளுக்கு ஜெயில்.

மாதவனின் மனைவி நாகஜோதி அவள் கையைப் பிடித்தாள்.

"உன் வயருதான் எம்புருசனைக் கொன்னுச்சாம்லா. நெசமா தாயி?"

அன்புசெல்வி தொட்டியின் சென்சாரைத் திரும்பிப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் ராஜ்கமல் நெருங்கினார்.

"அவ்வளவு தூரத்துல சிக்னல் செத்துடுமாமே?"

"ஆயிரத்து இருநூறு மீட்டர் தாங்குமுங்க சார். ஒரு நிமிசம்..."

சென்சாரிலிருந்து வயரைக் கழற்றினாள். ஆபீசில் இருந்த மேனேஜரை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேனேஜர் சார், ஸ்கிரீன்ல இப்ப என்னங்க காட்டுது?"

"ஜீரோதான் அம்மணி. தொட்டி நாறுது, இது ஜீரோங்குது. இன்னும் என்ன சாட்சி வேணும்?"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"ஜீரோ, ஜீரோ, ஜீரோ. போதுமா?"

அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"நான் வயரையே கழட்டிட்டேனுங்க சார். லைன் போனா ஸ்கிரீன்ல கோடு கோடாத்தான் வரும். ஜீரோ வரோணும்னா, அங்கயே எதோ ஒண்ணு அனுப்போணும்."

போன் பட்டென்று கட்டானது.

ஆபீசுக்குள் நுழைந்தார்கள். தொட்டியிலிருந்து வந்த வயர் ஸ்கிரீனுக்குப் பின்னால் அநாதையாகத் தொங்கியது. அதன் இடத்தில் செருகியிருந்த வேறு வயர் மேஜை டிராயருக்குள் போனது.

டிராயரை இழுத்தார் ராஜ்கமல்.

உள்ளே... இன்னொரு சென்சார்! ஏசி காற்று வாங்கிக்கொண்டு சொகுசாகப் படுத்திருந்தது.

செல்வக்குமாருக்கு வியர்த்தது.

"தெனமும் அலாரம் அடிச்சு வேலை நின்னு போகுதுங்க... ஷிப்மென்டுக்கு நாளில்லீங்க..."

"அதுக்கு ஒரு உசுருங்களா?" என்றாள் அன்புசெல்வி.

அவர் தலை கவிழ்ந்தது. விலங்கை எடுத்தார் ராஜ்கமல்.

"இந்த ரூம்ல விஷமே இல்லைன்னு இந்தச் சென்சார் சொல்லியிருக்கே... ரிப்பேரா?"

அன்புசெல்வி கசப்பாகச் சிரித்தாள்.

"இல்லீங்க சார். அது காத்தைத்தானுங்க அளக்கும். ஆளை அளக்காதுங்க."