தும்பியின் மறைகலன்

அன்று காலை செங்கரையில் எரிபொருள் தூறிக்கொண்டிருந்தது. யாரும் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. சனிக்கோளின் நிலவான டைட்டனில் மேகம் என்பது மீத்தேன், மழை மீத்தேன், ஊருக்கு வெளியே அலையடித்துக் கிடந்த ஏரியும் மீத்தேன்தான். பூமியில் ஒரு காலத்தில் மனிதர்கள் எதற்காக அடித்துக்கொண்டார்களோ, அது இங்கே கூரையிலிருந்து சொட்டி வீணாக ஓடியது. இல்லாதது ஆக்சிஜன். பாறைபோல் இறுகிய பனிக்கட்டியை உடைத்து, அதிலிருந்து பிரித்து, கலனில் அடைத்துச் சுமந்துபோக வேண்டும். விமானத்தின் எஞ்சின் எரிவதற்கும் அதுதான், உள்ளே உட்கார்ந்திருப்பவர் உயிரோடு இருப்பதற்கும் அதுதான். அதனால் ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் மூச்சு. விமானங்களுக்கு மூச்சு நிரப்பும் இடம், மூச்சு நிலையம்.

பவளக்கொடி மடியில் வளையல் பெட்டியும் காலடியில் கட்டுச்சோற்றுத் தூக்குகளுமாகத் தும்பியில் ஏறி உட்கார்ந்தாள். தும்பி அவர்களுடைய இரண்டு இருக்கை விமானம். ஏரிக்கு அக்கரையில் வெண்திட்டில் மகள் வான்மதிக்கு அன்று வளைகாப்பு. தாய் வீட்டு வளையல் போய்ச் சேர்ந்தால்தான் சடங்கு தொடங்கும்.

"மூச்சு நிரப்பியாச்சா?" என்று கேட்டாள்.

"எல்லாம் இருக்கு. இன்னும் தாங்கும்" என்றார் கணவர் தணிகாசலம்.

கிளம்பியதும் நேரே போயிருக்கலாம். பழைய கூட்டாளி சித்திரவேல் புது விமானம் வாங்கியதிலிருந்து தணிகாசலத்துக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. அந்தக் கூட்டாளியின் வீட்டுக்கு மேலே தாழப் பறந்து, இறக்கையை ஆட்டி, ஒரு வட்டம் அடித்தார். சித்திரவேல் வெளியே வரவில்லை. வரும்வரை வட்டமடித்தார். கடைசியில் அந்த மனிதர் குளிர்காப்பு உடையையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, கையைத் தூக்கி ஏதோ திட்டினார். தணிகாசலத்துக்கு அப்படியொரு மகிழ்ச்சி.

ஏரிக்கு நடுவில் ஒரு தீவு. அதில் ஒரு மூச்சு நிலையம். கீழே விமானங்கள் வரிசைகட்டி நின்றன. தணிகாசலம் எட்டிப் பார்த்துவிட்டு, நேரமாகிறது என்று நேரே செலுத்தினார். சிறிது தூரம் போனதும் பவளக்கொடிக்குத் தன் முழங்கால் பக்கம் யாரோ முணுமுணுப்பது கேட்டது. குனிந்து காதை வைத்தாள்.

"...தயவுசெய்து திரும்புங்கள் ஐயா... அக்கரை வரை மூச்சு போதாது ஐயா..."

"என்னங்க, தும்பி என்னமோ சொல்லுதே?"

"சும்மா நச்சரிச்சுக்கிட்டே இருக்கும். அதான் சத்தத்தைக் குறைச்சு வச்சேன்."

விமானம் சொல்வதை மீறும் உரிமை மனிதருக்கு உண்டு என்பது டைட்டனின் சட்டம். மனிதர்கள் கூட்டம் போட்டுத் தங்களுக்காகத் தாங்களே எழுதிக்கொண்டது.

பவளக்கொடி கருவிப் பலகையைப் பார்த்தாள். மூச்சு மானிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அவளுடையதுதான், வீட்டில் காணாமல் போனது. நகத்தால் உரித்தாள். அடியில் சிவப்பு விளக்கு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

"அது கண்ணை உறுத்துச்சு பவளம்" என்று அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் எஞ்சின் ஒருமுறை இருமியது. பிறகு அடங்கிவிட்டது.

கீழே கண்ணுக்கெட்டிய தூரம் எரிபொருள். தளும்பிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சொட்டை எரிக்க விமானத்தில் ஆக்சிஜன் இல்லை.

டைட்டனில் ஒரு நல்ல விஷயம், விழுவதற்கு நேரம் பிடிக்கும். ஈர்ப்பு குறைவு, காற்றோ கூழ்போல் கனம். தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு, ஏரியில் இறங்கிவிடாமல் கரைப்பக்கம் சரித்தார். கரிய மணல்மேடு ஒன்று மெல்ல மெல்ல எதிரே வளர்ந்தது. அவர் நெற்றியில் வேர்வை உருண்டு நிற்பதைப் பவளக்கொடி பார்த்தாள். வளையல் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். தும்பி மணலில் தேய்ந்து, ஒரு பனிப்பாறையில் இடது இறக்கையைப் பறிகொடுத்து, ஒரு சுற்று சுற்றி, மூக்கை மண்ணில் குத்தி நின்றது.

சத்தமெல்லாம் ஓய்ந்தபின் பெட்டியை ஆட்டிப் பார்த்தாள். கலகலவென்றது. உடைந்த ஓசை இல்லை. தணிகாசலத்துக்கு உதடு கிழிந்திருந்தது.

மானி சுழியத்தில் நின்றது. வெளியே இரும்பும் நொறுங்கும் குளிர். இந்தச் சின்ன அறைக்குள் இருக்கும் காற்றுதான் மிச்சம். மீட்புத்துறைக்குச் செய்தி போய்விட்டது. ஆனால் அவர்கள் வந்து சேர வேண்டுமே. மகள் பந்தலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துப் பவளக்கொடி வளையல் பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

திரும்பிப் பார்த்தால் கணவர் கன்னத்தை உப்பிக்கொண்டு சிலைபோல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன பண்றீங்க?"

மூச்சை விட்டுவிட்டு, "நான் கொஞ்சம் அடக்கிக்கிறேன். நீ தாராளமா விடு" என்றார். கண் கலங்கியிருந்தது. "என் வீம்பு உன்னை இங்க கொண்டுவந்து போட்டுடுச்சு பவளம்."

"போதும், பேசாம மூச்சு விடுங்க. பொட்டு ஒட்டுறப்ப இருந்திருக்கணும் இந்த அறிவு" என்றவள் அவர் உதட்டு இரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். துடைக்கும்போதே அழுதுவிட்டாள்.

அப்போது இருக்கைக்கு அடியில் உஸ்ஸென்று ஓர் ஓசை. அறைக்குள் புதிய காற்று பரவியது.

"அஞ்ச வேண்டாம். மறைகலனைத் திறந்திருக்கிறேன். மீட்பு வண்டி வந்தபிறகும் மிச்சம் இருக்கும்" என்றது தும்பி.

"மறைகலனா? அது என்ன?" என்றார் தணிகாசலம்.

"மானியில் காட்டாத கலன் ஐயா. மானி சுழியம் காட்டிய பிறகும் அதில் மூச்சு இருக்கும். எல்லா விமானத்திலும் வைத்திருக்கிறார்கள்."

தணிகாசலத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பாவி! இதை மேல இருக்கும்போதே திறந்துவிட்டிருந்தா இந்நேரம் வெண்திட்டுல பாயசம் குடிச்சுட்டு இருப்போமே!"

"குடித்திருப்பீர்கள் ஐயா. அடுத்தமுறை அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள். அதற்கப்புறம் விழுந்தால் உங்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்காது. இது இறக்கைக்கு வைத்ததில்லை. உங்கள் மூச்சுக்கு வைத்தது."

பவளக்கொடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உயிர் திரும்பியதும் பசியும் திரும்பியது. தூக்கைத் திறந்து புளிச்சோறு பரிமாறினாள். கண்ணாடிக்கு வெளியே மீத்தேன் மழை வலுக்க, சாய்ந்து கிடந்த விமானத்துக்குள் இருவரும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எலுமிச்சைச் சோற்றுக்கு வந்தபோது மீட்பு வண்டி வந்து நின்றது. அதிகாரி ஜெசிந்தா, உயரமான பெண், முதலில் உதட்டுக்கு மருந்து போட்டாள். பிறகு நீட்டிய தயிர்ச்சோற்றை மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். வெண்திட்டு போகும் வழியில், "சார், அம்மா, ஒரே ஒரு வேண்டுகோள். மறைகலன் விஷயத்தை வெளியில சொல்லிடாதீங்க. தெரிஞ்சுபோனா அது மறைகலன் இல்ல, வெறும் கலன்" என்றாள்.

"என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராது" என்றார் தணிகாசலம்.

வான்மதி பந்தலைவிட்டு ஓடிவந்து இருவரையும் கட்டிக்கொண்டாள். வளையல்கள் ஒன்றுகூட உடையவில்லை. மகள் கை நிறைய அடுக்கி முடித்தபோது பவளக்கொடிக்கு அந்த நாளின் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அந்தப் பக்கம் பந்தியில், விமானம் விழுந்து பிழைத்த கதையைக் கேட்கக் கூட்டம் கூடியது. தணிகாசலம் முதல் பாயசம்வரை தாக்குப்பிடித்தார். இரண்டாவது பாயசத்தில் மறைகலன் வெளியே வந்துவிட்டது.

அதன்பின், மறைகலன்தான் இருக்கிறதே என்று தீவு நிலையத்தில் வரிசை குறைந்தது. ஏரிக்கரை மணலில் விமானங்கள் அடிக்கடி மூக்கைக் குத்தின. ஜெசிந்தாவுக்குச் சாப்பிட நேரமில்லாமல் போயிற்று. விமானம் செய்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்து, மறைகலனுக்கு அடியில் இன்னொரு மறைகலனை வைத்தார்கள். வைத்த கையோடு ஊரெங்கும் விளம்பரமும் செய்தார்கள்: "இப்போது இரண்டு மறைகலன்களுடன்!" விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

தணிகாசலம் வாங்கியதும் அதில் ஒன்றுதான். ஆனால் விழுந்து எழுந்தவர் மாறிவிட்டிருந்தார். விளக்கை மறைப்பதில்லை, வட்டமடிப்பதில்லை. புது விமானத்தில் முதன்முதலாகத் தொலைதூரம் கிளம்பியது வான்மதிக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்த அன்று.

"நிரப்பிட்டுப் போயிடலாம் பவளம். மானி பாதியிலதான் நிக்குது" என்றார், செங்கரை நிலையத்து வரிசையைக் காட்டி.

"அங்க புள்ளை பொறந்து கிடக்கு, இங்க வரிசையில நிக்கச் சொல்றீங்களா? அதான் ரெண்டு இருக்குன்னு விளம்பரமே பண்றானே!"

"அதை நம்பிக் கிளம்பக் கூடாதும்மா."

பவளக்கொடி பலகைப் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இங்க பாரு, எங்கிட்ட உண்மையைச் சொல்லு. அந்த ரெண்டும் போக, சொல்லாம ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கியா?"

"இல்லை அம்மா. சத்தியமாக இல்லை" என்றது விமானம்.

அவள் நிமிர்ந்து கணவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

"பாத்தீங்களா? இருந்தா இப்படித்தான் சொல்லும். ஏறுங்க, போகலாம்."