ஒற்றைக் கம்பி ஆடாது

பக்கத்துக் கம்பிகள் இரண்டையும் அடைத்த பிறகும் சத்தம் ஆடியது.

திபேரியு ரப்பர் ஆப்புகளைத் தொட்டுப் பார்த்தான். இரண்டும் இறுக்கமாகத்தான் இருந்தன. பியானோவின் நடு 'லா' சுரத்துக்கு மூன்று கம்பிகள். ஓரத்து இரண்டையும் ஊமையாக்கிவிட்டு நடுக்கம்பியை மட்டும் தட்டினால், சத்தம் ஒரு கோடு மாதிரி நேராகப் போய்த் தேய்ந்து மறைய வேண்டும். இரண்டு சத்தங்கள் கிட்டத்தட்ட ஒத்துப்போய், முழுசாக ஒத்துப்போகாமல் நின்றால்தான் இந்த ஆட்டம் வரும். வாவ்... வாவ்... வாவ்... என்று, தூரத்தில் யாரோ ஒரு கதவைத் திறந்து திறந்து மூடுவது போல. விலகி இருந்தால் வேகமாக ஆடும். நெருங்க நெருங்க மெதுவாகும். ஒன்றாகிவிட்டால் நின்றுவிடும். ஆறு வாரமாக இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டி அவன் உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதான். ஆட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒற்றைக் கம்பி ஆடாது.

மறுபடி தட்டினான்.

வாவ்... வாவ்... வாவ்.

புதன்கிழமை, காலை பதினொன்றரை மணி. வெளியே திமிஷோரா நகரத்தின் பனி மூட்டத்தில் ட்ராம் ஒன்று சக்கரம் கிறீச்சிட வளைந்து போனது. சுவரோரம், பியானோவின் முதுகை உரசிக்கொண்டு மேலேறும் வெந்நீர்க் குழாயில், நேற்று அவன் சுற்றி வைத்த துவாலை காய்ந்து கருகிய வாசனை அடித்தது.

பியானோ அக்டோபரில் வந்தது. மூடிவிட்ட ஒரு பாலர் பள்ளியிலிருந்து நான்கு பேர் நான்காவது மாடிக்குத் தூக்கி வந்து, சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டுப் போனார்கள். மகள் ருக்சாந்த்ராவுக்காக வாங்கியது. ஒன்பது வயசு. அவள் அம்மா கமேலியாவோடு ஊரின் மறுகோடியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவிடம். சுருதி சேர்க்க வந்த ஆள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "கம்பி முறுக்குற ஆணியெல்லாம் தளந்துபோச்சுங்க, இது தேறாது" என்று சொல்லி, கொடுத்த காபியைக்கூட முடிக்காமல் போய்விட்டார். அடுத்த வாரமே கமேலியா ஃபோனில் வந்தாள்.

"டீச்சர் என்ன சொல்றாங்க தெரியுமா? அந்தப் பெட்டியில வாசிச்சு வாசிச்சு இவ காதே கெட்டுப்போகுதாம். ஒண்ணு அதைச் சரி பண்ணு. இல்லன்னா ஞாயித்துக்கிழமையும் இவ இங்கயே இருக்கட்டும்."

"நானே சரி பண்றேன்."

"நீயா? குழாய் ஒழுகினா துணி சுத்தி வைக்கிற ஆளு நீ."

ஆணி முறுக்கும் சாவி, சுருதி காட்டும் இசைக்கவை, நாலு ரப்பர் ஆப்பு என்று வரவழைத்தான். கம்ப்யூட்டரில் பார்த்துப் பார்த்துப் படித்தான். முதல் வாரமே இரண்டு கம்பிகளை அறுத்தான். ஒன்று தெறித்து வந்து கன்னத்தில் கோடு போட்டது. ஆனாலும் விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ருக்சாந்த்ரா வந்து, ஐந்து நிமிஷம் வாசித்து, மூடியைச் சாத்திவிட்டு, "பரவால்லப்பா, டிவி பாக்கலாம்" என்றாள். அந்தப் 'பரவால்ல'தான் அவனை அறுத்தது. வேலைக்கு ஒரு வாரம் லீவு போட்டான்.

கீழ் வீட்டில் வெத்தூரியா அம்மா. எண்பது தாண்டிய தனிக்கட்டை. கட்டடத்தில் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை யாரும் சத்தம் போடக் கூடாது. மீறினால் அவர் சூப்புக் கரண்டியால் வெந்நீர்க் குழாயை மூன்று தட்டுத் தட்டுவார். டங், டங், டங். போதும், நிறுத்து என்று அர்த்தம். அந்தப் பாஷை எல்லா மாடிக்கும் தெரியும்.

ஒருநாள் மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். கம்பளிச் செருப்பு, கற்பூரத் தைல வாசனை.

"ஏம்பா திபேரியு, பூனையைப் புடிச்சுப் பொட்டிக்குள்ள போட்டிருக்கியா?"

"பூனை செத்து ரொம்ப நாளாச்சும்மா. இப்ப அதோட வாலைத்தான் முறுக்கிட்டிருக்கேன்."

"முறுக்கு முறுக்கு. எங்கிட்ட கரண்டி இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்புறம் இந்தத் திங்கட்கிழமை வந்தது. காலை பத்து மணிக்கே குழாய் தட்ட ஆரம்பித்தது.

"ரெண்டு மணி ஆகல, கிழவி!" என்று தரையைப் பார்த்துக் கத்தினான். தட்டு நிற்கவில்லை. மூன்று, கொஞ்சம் இடைவெளி, ஐந்து, அப்புறம் கணக்கில்லாமல். இவனுக்கும் ஏறிவிட்டது. ஒரு தட்டுக்கு ஒரு 'லா'. டங். லா. டங். லா. விரல் வலிக்கிற அளவுக்கு ஓங்கிக் குத்தினான். மனசுக்குள் ஒரு குஷி. சாயங்காலம் நாலு மணிக்குக் குழாய்தான் முதலில் ஓய்ந்தது. ஜெயித்த சந்தோஷத்தில் ஒரு சின்ன கிளாஸ் பிளம் சாராயம் ஊற்றிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை தட்டு மறுபடி வந்தது. நகத்தால் தட்டுவது போல மெலிசாக, விட்டு விட்டு. அவன் ஒரு துவாலையை எடுத்துத் தன் பக்கத்துக் குழாயைச் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டினான். அதோடு தட்டு கேட்கவில்லை.

இப்போது புதன்கிழமை. இந்த ஆட்டம்.

பழைய கம்பி என்றால் அப்படித்தான் ஏதாவது செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். சாவியை ஆணியில் மாட்டி, ஒரு மயிரிழை தளர்த்தினான். ஆட்டம் மெதுவானது. இன்னும் ஒரு இழை. வாவ்... ... வாவ். இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதில் வைத்தால் அது வேறு சொன்னது: நீ கீழே போகிறாய், போகாதே. ஆனால் கவை மலிவுச் சரக்கு. ஆட்டம் பொய் சொல்லாது. இன்னும் ஒரு இழை தளர்த்தினான்.

நின்றது.

அப்பா, என்ன ஒரு அமைதி. சத்தம் கம்பியிலிருந்து வருவது போலவே இல்லை. சுவர், தரை, அவன் பல், எல்லாம் சேர்ந்து அந்த ஒரு 'லா'வைப் பிடித்துக்கொண்டு நின்றன. விரலை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றது. குழாய்க்குள் தண்ணீர் முனகுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

அந்த 'லா'வை வைத்து மற்ற கம்பிகளையெல்லாம் சேர்த்தான். புதன் முழுக்க, வியாழன் முழுக்க. வியாழன் மூன்று மணி வாக்கில் குழாயின் முனகல் நின்றுபோனது. அப்போது 'லா' ஏனோ ஒண்டியாகக் கேட்டது. சாயங்காலம் ஒற்றை விரலால் ஒரு குழந்தைப் பாட்டை வாசித்துப் பார்த்தான். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தேன் மாதிரி இருந்தது. கண் கலங்கிவிட்டது. கமேலியாவுக்கு ஃபோன் போட்டான். "ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்குக் கூட்டிட்டு வா. நீயும் கேளு."

வெள்ளிக்கிழமை கட்டட நிர்வாகி கோஸ்தினெல் கதவைத் தட்டினார். முகத்தில் ரத்தமே இல்லை. மாடிப்படி முழுக்கப் போலீஸ்காரர்களின் ஈர பூட்ஸ் தடம்.

"கீழ் வீட்டு அம்மா போயிட்டாங்கப்பா. இடுப்பு ஒடைஞ்சு குழாய்கிட்ட விழுந்து கெடந்திருக்காங்க. ஒரு பாதம் அப்படியே வெளிப்பக்கமா திரும்பிக் கெடக்கு. டாக்டர் சொல்றாரு, விழுந்து மூணு நாலு நாள் இருக்கும், உசுரு போனது நேத்துதானாம்."

திபேரியு திரும்பிச் சுவரோரத் துவாலையைப் பார்த்தான்.

"கையில கரண்டி. வளைஞ்சே போச்சு. வாயி பாரு..." கோஸ்தினெல் தன் வாயை மூடி, மூக்கால் ஒரு சத்தம் போட்டுக் காட்டினார். ம்ம்ம்ம். "இப்படியே ஒட்டிப்போய் இருந்துச்சு. கடைசி வரைக்கும் முனகியிருப்பாங்கபோல. நீ நேர் மேலதானே இருக்க? ஒண்ணும் கேக்கலையா?"

அவர் போட்டுக் காட்டிய முனகல் 'லா'வாக இல்லை. கொஞ்சம் மேலே இருந்தது. திபேரியுவின் காது தானாக அதைக் கணக்குப் போட்டது.

"கேக்கல," என்றான்.

கீழ் வீட்டுக் கதவில் காகிதம் ஒட்டி முத்திரை வைத்தார்கள்.

சனிக்கிழமை காலையில் அவன் செய்த முதல் வேலை, அந்த 'லா'வை மாற்றுவது. வேறு எதையும் யோசிக்கவில்லை. கவையைத் தட்டினான். நடுக்கம்பியை அது சொன்ன இடம்வரை ஏற்றினான். மற்ற இரண்டையும் அடைத்தான். தட்டினான்.

வாவ்-வாவ்-வாவ்-வாவ்.

வேகமாக, மூச்சு வாங்குவது போல.

கீழே யாருமில்லை. அவன் கண்ணால் பார்த்திருக்கிறான், தூக்கிக்கொண்டு போனார்கள். சாவியை இறக்கினான். ஆட்டம் மெதுவானது. ஏற்றினான். வேகமானது. பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான். நின்றது. அந்த அமைதி. சுவரும் தரையும் பல்லும் சேர்ந்து பிடித்துக்கொண்ட அதே அமைதி. விரலை எடுத்தான்.

சத்தம் நிற்கவில்லை.

அன்று அவன் அடுக்களையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் புத்தி கொஞ்சம் வந்தது. எல்லாம் அந்தக் குழாயால்தான். பியானோவின் முதுகில் இருப்பது மரப்பலகை. சுவரில் வருகிற எந்த அதிர்வையும் அது வாங்கிப் பெரிதாக்கும். பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துவிட்டால் போதும். ருக்சாந்த்ரா இரண்டு மணிக்கு வருவாள். அதற்குள் முடித்துவிடலாம்.

ஒரு முனையைப் பிடித்து இழுத்தான். கொஞ்சம் வந்தது. மறுமுனையில் பின்சக்கரம் மாட்டிக்கொண்டது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே மண்டியிட்டு நுழைந்து, சாவியின் முனையால் சக்கரத்தை நெம்பினான்.

சக்கரம் முறிந்தது.

முன்பக்கம் தூக்கிக்கொண்டது. மெதுவாக, தூக்கத்தில் திரும்பிப் படுக்கிற ஆள் போல, அவ்வளவு இரும்பும் அவன் மேல் சாய்ந்தது. முதுகில், துவாலைக்கு மேலே வெறும் குழாயின் சூடு. நெஞ்சில் பலகை. முகம் மட்டும் பெட்டியின் ஓரத்தைத் தாண்டி வெளியே நின்றது. கத்த வாயைத் திறந்தான். கத்துவதற்குக் காற்று இல்லை. மூக்கு வழியாக ஒரு இழை மட்டும் வந்தது.

ம்ம்ம்.

வலது கை மணிக்கட்டு அசைந்தது. சாவி இன்னும் கையில் இருந்தது. குழாயைத் தட்டினான்.

பொத். பொத். பொத்.

துவாலை. அவனே இறுக்கிக் கட்டியது.

தட்டிக்கொண்டே இருந்தான். பொத். பொத். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. சட்டை குழாயோடு ஒட்டிக்கொண்டு முதுகுத்தோலும் ஒட்ட ஆரம்பித்தது. அப்போது கீழேயிருந்து பதில் வந்தது. துவாலையெல்லாம் அதற்கு ஒரு தடையாகவே இல்லை. கணீரென்று.

டங். டங். டங்.

போதும். நிறுத்து.

அவன் கை நின்றது.

வாசல் மணி அடித்தது.

"அப்பா!" ருக்சாந்த்ராவின் குரல். "அப்பா, நாங்க வந்துட்டோம்!"

ம்ம்ம்ம். ம்ம்ம்ம்ம்.

"அம்மா, உள்ள யாரோ முனகறாங்க."

"எங்க?" கமேலியா கதவில் காதை வைத்திருக்க வேண்டும், கதவு லேசாக முனகியது.

அறைக்குள் 'லா' ஒலித்தது.

யாரும் தொடாத பியானோக் கட்டை ஒன்று இறங்கி, ஏறி, மறுபடி இறங்கியது. அவனுக்கு அது காதில் விழவில்லை. விலா எலும்பில் விழுந்தது. லா. இடைவெளி. லா. இடைவெளி. நிதானமாக, சுருதி சேர்க்கிற ஆள் தட்டுவது போலவே.

"முனகலும் இல்ல ஒண்ணும் இல்ல, கம்பிதான் அது," என்றாள் கமேலியா. "உங்கப்பா உள்ள டியூன் பண்ணிட்டிருக்கார். இன்னும் முடிக்கல பாரு. மணி அடிச்சாக்கூட எழுந்திருக்க மனசில்ல."

"இன்னொரு தடவை அடிக்கிறேன்மா."

மணி. மணி. மணி. லா. லா. லா.

"போதும்டி, ரெண்டு மணி தாண்டிடுச்சு. கட்டடமே சண்டைக்கு வரும். அந்தப் பையைக் கதவுப் பிடியில மாட்டு."

"அப்பாவுக்குன்னு நானே சுத்தினேன்மா. ஆறிடும்."

"ஆறட்டும். இனிமே ஞாயித்துக்கிழமை இங்க வேண்டாம். சொல்லிட்டேன்."

பை கதவில் உரசியது. முட்டைக்கோஸில் சுற்றி வேகவைத்த இறைச்சியின் வாசனை, புளித்த வாசனை, கதவிடுக்கு வழியாக மெதுவாக வந்து சேர்ந்தது. இரண்டு ஜோடி செருப்புகள் படியிறங்கின. நான்காவது மாடி. மூன்றாவது. முத்திரை வைத்த கதவைத் தாண்டி. இரண்டாவது. அப்புறம் இல்லை.

லா.

அவன் முனகினான். வேறெதுவும் வரவில்லை. முனகல் கொஞ்சம் மேலே இருந்தது.

வாவ்-வாவ்-வாவ்.

மூச்சு குறைந்தது. முனகல் இறங்கியது.

வாவ்... வாவ்.

கற்பூரத் தைல வாசனை. பலமாக. முகத்தைத் திருப்ப முடியவில்லை. கண்ணை மட்டும் திருப்பினான். பெட்டியின் ஓரத்தைத் தாண்டி, வாசிக்க உட்காரும் முக்காலியின் கால் தெரிந்தது. அதற்குக் கீழே, மேலே தூக்கி நின்ற பியானோவின் கால்மிதிகளை எட்டி அழுத்திக்கொண்டு, இரண்டு கம்பளிச் செருப்புகள். ஒன்று நேராக. இன்னொன்று முழுசாக வெளிப்பக்கம் திரும்பி.

வாவ்... ...

முக்காலி கிறீச்சிட்டது. யாரோ காதைக் கொடுத்துக் கேட்கக் குனிவது போல.

இன்னும் ஒரு இழை இறங்கினான்.

நின்றது.